பருத்த மரமும் பிந்தி வந்த பாலும்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, மூத்த மருமகளின் பணிவான வணக்கம். தாங்கள் மறைந்து பல்லாண்டுகள் கழித்து இம்மடலை வரைவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். எழுதத்தக்க செய்தி இப்போதுதான் வாய்த்தது.

தங்கள் பேத்தி ஷாலினிக்குச் சிரம்பானில் ஆண் குழந்தை பிறந்துள்ளது. இருவரும் நலம். அவளும் என்னைப் போலவே பருத்த உடம்புக்காரி. அவளுக்கும் பால் உடனே சுரக்கவில்லை.

ஷாலினியைப் பெற்று நான் படுத்திருந்தபோது தாங்கள் கேட்டது நினைவிருக்கிறதா? “இம்புட்டு ஒடம்பு இருக்கு, பாலு மட்டும் எங்கடி போச்சு? புள்ளைக்கிட்டயே ஒளிக்கிறியா?”

ஆயுள் முழுவதும் ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரத்தின் பட்டையை வெட்டியவர் தாங்கள். மரம் பருத்த பிறகே வெட்டத் தொடங்குவார்கள். பருத்த மரம் நிறையப் பால் தரும். அந்தக் கண்ணால்தான் என்னையும் பார்த்தீர்கள். தோட்டத்து லயத்தில் குடியிருந்த பெண்களும் அவ்வாறே பார்த்தார்கள். டின் பால் வந்தது. ஷாலினி என் மார்பை மறந்தாள்.

இம்முறை டின் பாலைக் கேட்டவள் ஷாலினியே. “விடும்மா, என் ஒடம்பு எதுக்கும் ஒதவாதுலா,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அப்போதுதான் வார்டில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி வந்தார். குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு, “ஒடம்பு பெருத்தவங்களுக்குப் பால் எறங்க லேட்டாகும். வராதுன்னு யார் சொன்னா? பிள்ளைய அடிக்கடி மார்ல போடுங்க,” என்றார். உடம்பில் பால் சுரக்கவைக்கும் வேலை சிலருக்கு மெதுவாகத்தான் தொடங்குமாம். மடியில் இடம் போதாததால், தலையணை வைத்துக் குழந்தையைக் கைக்கடியில் பக்கவாட்டாக அணைக்கவும் காட்டினார்.

பள்ளியை விட்டபின் நானே படித்துத் தேர்ந்தவள் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கையில் கிடைத்த மருத்துவ நூல்களையெல்லாம் வாசித்திருக்கிறேன். இந்த ஒரு செய்தி மட்டும் என் கண்ணில் பட்டதேயில்லை. அன்று யாரேனும் சொல்லியிருந்தால் தாங்கள் கேட்டிருப்பீர்களா?

நான்காம் நாள் பால் இறங்கியது. குழந்தை விழுங்கும் ஓசை எங்களுக்கே கேட்டது. ஷாலினி என்னை ஏறிட்டுப் பார்த்து, “அப்போ ஒனக்கும் வந்திருக்கும்லம்மா?” என்றாள்.

அதற்கு விடை கூற வேண்டியவர் தாங்கள்.

அவள் உடம்பைக் காட்டி எவரும் ஒரு சொல் சொல்ல நான் இடம் கொடேன். இது உறுதி. எனக்கும் வந்திருக்கும்தானே, அத்தை? விரைந்து பதில் எழுதவும்.

இங்ஙனம்,
ஷாலினியின் தாய்,
தங்கள் மூத்த மருமகள்.