வாளை இல்லை என்பதற்கான நிரூபணம்

பிப்ரவரி 3
மூன்று நாள் ஆலோசனைக்குப் பின், இன்று காலை ஒன்பது மணிக்கு, என் பிளாஸ்டிக் நாற்காலியைக் குளத்தின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றுவதென முடிவெடுத்தேன். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவனே. எதிர்ப்பு எழவில்லை. மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் காவல் கொட்டகையின் கதவு நேராகத் தெரியும். கொட்டகையில் இருப்பவன் என் மச்சினன். வளர்க்க விட்ட கெண்டைகள் குறைகின்றன. போடுகிற தீவனம் பாதி மிதக்கிறது. மீனுக்குக் கால் கிடையாது.

பிப்ரவரி 5
மச்சினனை நேரடியாகவே கேட்டேன்.

“கெண்டையத் திங்கிற வாளை மீன் புகுந்திருக்கு அத்தான். தண்ணி பொரளுற சத்தமே வேற. கொளத்த வத்த வச்சுப் பாருங்க.”

“நீ பாத்தியா?”

“வால் மட்டும்.”

வால் மட்டும்! முப்பது வருஷம் தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்றவன் நான். விடைத்தாளைப் பார்க்க வேண்டாம்; கழுத்து திரும்புவதை வைத்தே காப்பி அடிப்பவனைச் சொல்வேன். இவன் கழுத்து திரும்பியது.

பிப்ரவரி 6
அறிவியல் முறைப்படி தீர்த்துவிடுவது என்று உறுதி. வீச்சுவலை ஒன்று இரவல் வாங்கியாயிற்று. தினமும் நண்பகல், நல்ல வெளிச்சத்தில், பத்து வீச்சு.

பிப்ரவரி 7
பிடிபட்டவை: கெண்டை நான்கு, செருப்பு ஒன்று, நான் ஒரு முறை.

பிப்ரவரி 12
வாளை இல்லை. தோள்பட்டையும் இல்லாத மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 17
பதினோரு நாள், நூற்றுப்பத்து வீச்சு. வாளை இல்லை. நிரூபணம் முடிந்தது.

பிப்ரவரி 18
காலையில் மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினான். தீவனம் இறக்க வந்த இரண்டு பேர் முன்னால் பையைத் திறக்கச் சொன்னேன். போர்வை, டார்ச், காலிச் சாப்பாட்டு டப்பா. டப்பாவையும் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தேன். வெங்காய வாசனை. மோந்து ஏன் பார்த்தேன்? அவன் டப்பாவை வாங்கி மூடினான். கொட்டகைச் சாவியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்.

பையில் மீன் இல்லை என்றால் இன்றைக்கு இல்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி 19
மச்சினன் வரவில்லை. அவன் அக்கா பேசவில்லை.

பிப்ரவரி 23
ஐந்து நாளாகத் திருடன் இல்லை. தீவனம் இன்னும் அதிகமாக மிதக்கிறது.

பிப்ரவரி 24
மனைவி ஆறு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்து நான் படம் மட்டும் பார்த்த நன்னீர் மீன் புத்தகம் அவள் கையில்.

“செதிலே கிடையாதாம். வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால போகுமாம். ரெண்டு நீள மீசை. கேக்குறீங்களா?”

“ம், படி.”

“பகல் பூரா கரைப் பொந்துல அசையாம கெடக்குமாம். பொழுது சாஞ்சாத்தான் எரை தேட வெளிய வருமாம். நீங்க எத்தன மணிக்கு வலை வீசினீங்க?”

நேரம் அவளுக்குத் தெரியும். ஈரச் சட்டையைக் காயப்போட்டது அவள்தான்.

“பதினோரு நாளும் அது தூங்கிருக்கு. எழுப்பிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வீசிருக்கீங்க.”

பிப்ரவரி 25
மாலை ஆறரை. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மதகுப் பக்கம் சின்ன மீன்கள் கூட்டமாகத் துள்ளிச் சிதறின. அடியில் ஏதோ அகலமாகப் புரண்டது. என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் — வால் மட்டும்.

பிப்ரவரி 26
வற்ற வைக்கிறேன். மறுபடி நிரம்ப மழைக்காலம் வர வேண்டும் என்கிறார் பம்ப்காரர். வரட்டும். மிச்சக் கெண்டைகளைப் பிடித்துத் தொட்டியில் விட்டுவைக்க வேண்டும். பக்கத்துக் குளக்காரர் தன் குளத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

மார்ச் 1
மதகுக் குழாய்க்கு அடியில் பொந்து. முதலில் மீசை வந்தது, பிறகு வாய், பிறகு வெகுநேரம் மீன் வந்துகொண்டே இருந்தது. மூன்றடி ஒன்பது அங்குலம். வயிற்றில் மூன்று கெண்டை, கடிபடாமல், முழுசாக. இது குஞ்சாக இருக்கும்போதே உள்ளே வந்திருக்க வேண்டும், தண்ணீர் வரும் வாய்க்காலில் கம்பிவலை கட்டவில்லையா என்றார் பம்ப்காரர். கட்டியிருந்தது. குப்பை அடைக்கிறதென்று இரண்டு வருஷம் முன்னால் கழற்றினேன். நான்தான்.

சேற்றுக் காலோடு மச்சினன் வீட்டு வாசலுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை.

“வாளை இருந்துச்சு.”

“தெரியும் அத்தான்.”

“தப்புப் பண்ணிட்டேன்டா. அந்த ரெண்டு பேர் முன்னாடியும் வந்து சொல்றேன். நாளைக்கு வந்துடு.”

“உள்ள வாங்க, தண்ணி குடிங்க,” என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 2
காலையில் பக்கத்துக் குளக்காரர் கெண்டைகளை எடுத்துப்போகத் தன் புதுக் காவலாளை அனுப்பினார். மச்சினன். ஒவ்வொரு மீனையும் என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, சத்தமாக எண்ணி, டிரம்மில் விட்டான். நூற்றுப் பன்னிரண்டு. அதை ஒரு தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.