நாங்கள் என்று ஒரு சொல்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே உன் உடம்பும் வேலையும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன், சாப்பாடு விஷயத்தில் உன் அம்மா நம்பவில்லை. நீ அனுப்பிய பெரிய பார்சல் போன மாதமே வந்து சேர்ந்தது. நான் ரிட்டயரான பிறகு நாங்கள் இருவரும் ஹாலில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பதை வீடியோவில் பார்த்துக் கவலைப்பட்டு, ஐந்து பெட்டி விளையாட்டு வாங்கி, எத்தனை பேர் இருந்தால் எதைத் திறக்க வேண்டும் என்று கைப்பட ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தாய். மற்றவர்களின் பிள்ளைகள் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் அனுப்புகிறார்கள், நீ அது ஏறுவதற்கு வழி செய்திருக்கிறாய்.

பட்டியல்படியே ஆரம்பித்தேன். ஒருவருக்கு, தோட்டம் போடும் ஆட்டம், 'நான் ஆடினால் மனசு அமைதியாகிறது' என்று எழுதியிருந்தாய். மூன்று நாள் ஆடி மூன்று நாளும் தோற்றேன், யாரிடம் தோற்றீர்கள் என்று உன் அம்மா கேட்கிறாள். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், விதிப் புத்தகத்தையும் பென்சிலோடுதான் படித்தேன், ஆறாம் பக்கமும் பதினான்காம் பக்கமும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று பேருக்கு ரயில் பாதை போடும் ஆட்டம், கோபித்துக்கொள்ளாத மூன்று பேர் வேண்டும் என்று எழுதியிருந்தாய், அப்படி மூன்று பேரை நம் குடும்பத்தில் எங்கே போய்த் தேடுவது. உன் மாமாவைக் கூப்பிட்டோம். அவர் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதையை உன் அம்மா ஒரே கட்டையில் அடைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளே இப்படிச் செய்யலாமா என்று எழுந்து போனவர் பத்து நாள் போன்கூடப் பண்ணவில்லை, பதினோராம் நாள் தானாக வந்து, இன்னொரு ஆட்டம் போடலாமா என்றார்.

ஐந்து பேருக்கு அந்தக் கப்பல் ஆட்டம். எல்லோரும் சேர்ந்து கப்பலைக் கரை சேர்க்க வேண்டும், ஒருவர் மட்டும் கமுக்கமாக அதைக் கவிழ்க்க வேண்டும், யார் என்பது சீட்டை எடுத்தவருக்கு மட்டும் தெரியும். உன் மாமாவோடு மாடி வீட்டுப் பல் டாக்டரையும் அவர் மனைவியையும் சேர்த்துக்கொண்டோம். மூன்று முறை ஆடி மூன்று முறையும் மூழ்கினோம். நான் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டேன், வலிக்கவே வலிக்காது என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். மூன்று முறையும் கவிழ்த்தது உன் அம்மா. முகத்தில் ஒரு மாற்றம் இல்லை, நடுவில் எழுந்து போய் எல்லோருக்கும் காபி வேறு போட்டுக் கொடுத்தாள். முப்பத்துமூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்தும் வீட்டை நான் அன்று ஒரு தடவை நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். எட்டுப் பேர் ஆடும் பெட்டியைத் திறக்கவில்லை, எங்களோடு பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் அத்தனை பேர் தேறவில்லை.

மிச்சம் இருந்தது இரண்டு பேர் ஆட்டம், கலர் கல் சேர்ப்பது. 'நாங்கள் நூறு தடவைக்கு மேல் ஆடிவிட்டோம், இன்னும் சலிக்கவில்லை' என்று அதற்கு எதிரே எழுதியிருக்கிறாய். மற்ற எல்லா வரியிலும் 'நான்', இந்த ஒரு வரியில் 'நாங்கள்'. எழுத்துப் பிழை என்றால் விட்டிருப்பேன், நீ எழுத்துப் பிழை விடுகிறவள் இல்லை, என் பெண். பட்டியலை உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கல்லை அடுக்கிக்கொண்டே, ஆறு மாசமா எனக்குத் தெரியும், வீடியோவில நாற்காலில தொங்குற நீலச் சட்டை அவ சைஸா என்ன என்றாள். அந்தக் கப்பல் கவிழ்த்த முகம்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குச் சொல்லணும்னா அவளே சொல்லுவா, சொல்லாததுக்கு யார் காரணம்னு உங்களுக்கே தெரியும் என்றாள்.

தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் ஆபீசில் ஒருவரைப் பற்றி நீ பேச்செடுத்தபோது நான் வீடு இடிகிற மாதிரி கத்தினேன், இரண்டு மாதம் உன்னோடு பேசாமலும் இருந்தேன். இது அவரா வேறொருவரா என்று நான் கேட்கப் போவதில்லை. அன்று நடந்துகொண்டது தப்பு. இந்த வரியை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன், ஆனாலும் எழுதிவிட்டேன். நீ பயந்துகொண்டு எங்களிடமிருந்து எதையாவது மறைத்து வாழ்கிறாய் என்பது எனக்கு வலிக்கிறது, பல் டாக்டர் சொல்கிற வலி இல்லை.

பட்டியலில் இன்னொரு குறையும் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு எல்லாம் இருக்கிறது, நான்கு பேருக்கு என்று எதுவுமே இல்லை. நல்ல ஆட்டமாக ஒன்று பார்த்து வை. பார்சலில் அனுப்பாதே, லீவு கிடைக்கும்போது கையோடு கொண்டு வா, நான்காவது ஆளையும் சேர்த்து. கோபித்துக்கொண்டு எழுந்து போகாதவராக இருந்தால் நல்லது, அந்த வேலைக்கு இங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறோம்.

உன் பட்டியலை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அந்த 'நாங்கள்' மேல் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் 'நாம்?' என்று எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் சந்தேகமான இடத்தை நாங்களாகத் திருத்த மாட்டோம், கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே அனுப்புவோம். முடிவு உன்னுடையது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடி நம்பரை மாற்று. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னோடு ஆடுகிறவரும்.

இப்படிக்கு,
உன் அப்பா

கடைக்குக் கிளம்பிய உன் அம்மா வாசலில் செருப்போடு நின்று கேட்கச் சொல்கிறாள்: அந்த நீலச் சட்டை நாற்பதா, நாற்பத்திரண்டா?