நம் ரத்தத்தில் இல்லை, அண்ணா

என் பிடிவாதக்கார அண்ணா,

உன் கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. கேட்ட நீதான் இல்லை.

நம் மலையிலிருக்கும் செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் பேசினாயே, நினைவிருக்கிறதா? "ஏங்கண்ணு, நீ ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கற. இந்தப் புத்துநோயி ரத்தத்துல வருமா? எம்புள்ளைக்கும் வருமா?" என்றாய். "தெரியலண்ணா" என்றேன். அன்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

அப்பாவுக்குத் தொண்டையில் வந்தது, உனக்குக் காலில். இரண்டையும் நீயே முடிச்சுப் போட்டுக்கொண்டாய். மலருக்குப் பரிசம் போட வந்தவர்களிடம், "எங்க ரத்தம் சரியில்லீங்க, உங்க ஊட்டுக்கு வேண்டாங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாயாம். பெற்ற மகளைப் பற்றி எந்த அப்பனாவது அப்படிச் சொல்வானா? அத்தனை நல்லவனாக இருந்து தொலைத்தாய்.

இங்கே எலிகளை வைத்து ஒரு மரபணுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது உனக்கும் உண்டு, எனக்கும் உண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே இருந்த அண்ணிக்கும் உண்டு. சும்மா கிடக்கும், சூடோ காயமோ பட்டால் எழுந்துகொள்ளும். வீக்கத்தை அடக்கிவிட்டு மறுபடி படுத்துவிடும். புண் ஆறாமலே கிடந்தால் அதற்கும் ஓய்வில்லை. அப்போது, காப்பாற்ற வந்த அதுவே புற்றுக்குத் துணை போவதும் உண்டு என்கிறார்கள். முழுவதும் இன்னும் தெளியவில்லை.

காடு எரித்தபோது உன் முழங்காலுக்குக் கீழே நெருப்புப் பட்டது. பச்சிலை வைத்தாய், பொருக்குத் தட்டியது. மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறும்போதெல்லாம் உரசிப் பெயர்ந்தது. வருஷா வருஷம் இதே கதைதான். "காலு கெடக்குது, கொடியில இருக்கறத யாரு பறிக்கறது?" என்பாய். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். ஆறாத தீப்புண்ணில் வருவது பிள்ளைகளுக்குப் போகாது என்றார். அப்பாவின் தொண்டைக்கு அவர் பிடித்த பீடியே போதும்.

போன வாரம் ஊருக்கு வந்து மலரிடம் சொன்னேன். அன்று நீ திருப்பி அனுப்பிய அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி இப்போது குழந்தை இருக்கிறது. அதற்காக அழுவாள் என்று நினைத்தேன். மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே, "அப்பாவுக்கு இது தெரியாமயே போயிருச்சே அத்தை. என்னயப் பாக்கறப்பெல்லாம் குத்தம் பண்ணுனாப்புல தலையத் தொங்கப் போட்டுக்குவாரு" என்றாள். அழுதது நான்தான்.

நம் மலையிலேயே குண்டூர் நாட்டிலிருந்து மலருக்கு ஒரு வரன் வருகிறது. பெண்ணின் அப்பா எதில் போனார் என்று கேட்பார்கள். மறைக்க மாட்டேன், அண்ணா. நீ நின்ற அதே வாசலில் நின்று சொல்வேன்: "ஆறாத புண்ணுல போனாருங்க. எங்க ரத்தம் நல்ல ரத்தமுங்க."

அதே ரத்தத்தில் பிறந்த
உன் தங்கை,
செல்லம்மா