பெயர்ப் பதிவில் இல்லாத மரகதவடிவு

அனுப்புநர்:
ல. சபாபதி, வயது 41,
ஆற்றங்கரைப் பம்புக் காவல்,
கிளென்டாவித் தோட்டம்,
லாபிஸ், ஜோகூர்.

பெறுநர்:
கனம் பொருந்திய தொழிலாளர் இலாகா மேலதிகாரி துரை அவர்கள்,
ஜோகூர் பாரு.

பொருள்: தங்கள் அலுவலகத்துக்குச் சாட்சியமாக அனுப்பப்பட்ட கதைப் புத்தகத்தைத் திருப்பித் தரவும், என்னை மறுபடி லயத்துக்கு மாற்றவும் கோருதல்.

மரியாதைக்குரிய துரை அவர்களே,

1. நான் இத்தோட்டத்தில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவன். ஆகவே லயத்து வீடுகளில் குடியிருக்கும் சனங்களுக்கு ஊர்க் காகிதம் எழுதிக் கொடுப்பதும், ஊரிலிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் என் பொறுப்பாக இருந்து வந்தது. எத்தனை எழுதினேன் என்று கணக்கில்லை. என் பெயருக்கு இன்றுவரை ஒரு காகிதமும் வந்ததில்லை. எனக்கென்று நான் எழுதுவதும் இதுதான் முதல். பிறருக்காக எழுதும்போது ஓடுகிற கை இன்று ஓடமாட்டேன் என்கிறது. பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

2. போன வருஷம் ஜனவரி மாதம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்சராக இருந்த அமலதாஸ் மாற்றலாகிப் போகும்போது எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அட்டையும் முதல் தாளும் கிழிந்து போனதால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ தெரியாது. மரகதவடிவு என்ற பெண்ணின் கதை. தாய் தகப்பன் இல்லாத அவளை மாமன் மாடியறையில் அடைத்து வைக்கிறான். அவள் தன் தங்கைக்கு எழுதும் காகிதங்களையெல்லாம் அவன் அடுப்பில் போடுகிறான். தங்கையோ அக்காள் தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

3. அப்போது எனக்கு ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடும் கொட்டகையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணம்மா என்ற, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மறு ஞாயிறு ஒன்பது பேர். தீபாவளிக்குள் கொட்டகை கொள்ளவில்லை. அதுவரை என்னிடம் வந்தவர்கள் காகிதத்தை நீட்டிவிட்டு, படித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். இப்போது உட்கார்ந்தார்கள். வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். ஒருநாள் கிருஷ்ணம்மா, "உங்களுக்கு ஊர்ல யாருங்கண்ணே இருக்காங்க?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒருவருமில்லை என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

4. இந்தப் புத்தகம் சனங்களைக் கெடுத்தது என்று தங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையம்மா என்பவளின் கணவன் வீரமுத்து ஞாயிறுதோறும் கள் குடித்துவிட்டு அவளை அடிப்பவன். பெண்சாதி எங்கே போகிறாள் என்று பார்க்க வந்தான். அன்றைக்குப் பார்த்து, கதையில் வரும் மாமன் தன் மனைவியைக் கைநீட்டி அடிக்கும் பகுதி. வீரமுத்து எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து கொட்டகையைப் பெருக்கி வைத்திருந்தான். அவன் குடியை விட்டான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருப்பான். ஆனால் அதற்குப்பின் வெள்ளையம்மா காயத்துக்குக் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்குள்ள பதிவைத் துரை அவர்கள் பார்க்கலாம்.

கிருஷ்ணம்மா ஊரில் விட்டுவந்த மகளுக்கு எட்டு வருஷமாக ஒரு வரி எழுதச் சொன்னதில்லை. நான் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவாள். காகிதம் எரிந்த பகுதியைக் கேட்ட மறுநாள் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போதே என்னைத் தேடி வந்தாள். "எம் புள்ளையும் இப்படித்தானே வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும். எழுதுங்கண்ணே, ஆத்தா உசுரோட இருக்கான்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அதை நான் பதினொரு தடவை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

5. இனி என் பிழையைச் சொல்கிறேன். ஊர்க் காகிதத்தை எந்தக் குரலில் படிப்பேனோ அதே குரலில்தான் கதையையும் படித்தேன். எனக்கு வேறு குரல் கிடையாது. என் வாயிலிருந்து அதுவரை அவர்கள் கேட்ட எழுத்தெல்லாம் யாருக்கோ நிஜமாக நடந்த சங்கதி. ஆகவே மரகதவடிவும் எங்கோ இருக்கிறாள் என்றே நம்பினார்கள். இது கட்டிய கதை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவார்களோ என்று பயந்தேன்.

6. மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, மரகதவடிவுக்கு விஷக்காய்ச்சல் கண்டு நினைவு தப்பிய இடத்தில் இருட்டிவிட்டது. 250ஆம் பக்கம். தாளின் மூலையை மடித்து நிறுத்தினேன். அந்த வாரம் லயத்தில் யாருக்கும் நிம்மதியில்லை. வெள்ளிக்கிழமை காலை முப்பத்தொரு பெண்கள் வேலைக்குப் போகாமல், மரகதவடிவின் பேருக்கு அர்ச்சனை செய்ய மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அங்கே பூசை செய்யும் பண்டாரம் நட்சத்திரம் கேட்டார். கிருஷ்ணம்மா தன் மகளின் நட்சத்திரத்தைச் சொன்னாள்.

7. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியார் வந்து காரணம் கேட்டார். வெள்ளையம்மா, "மரகதவடிவுக்கு உடம்புக்கு முடியலைங்கய்யா. மாமங்காரன் அறையில போட்டுப் பூட்டி வச்சிருக்கான். நீங்களாச்சும் கேக்கக்கூடாதா?" என்றாளாம். கிராணியார் தோட்டத்துப் பெயர்ப் பதிவைப் புரட்டினார். அப்படி ஒரு பெண் இல்லை. வெளியாள் ஒருத்தி லயத்தில் ஒளிந்துகொண்டு வேலைநிறுத்தம் மூட்டுகிறாள் என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லி, காவல்காரர்களோடு நாற்பது வீடுகளையும் சோதனை போட்டார். நான் போய், அவள் புத்தகத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன். சுற்றியிருந்த ஆண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சிரிப்புக்கு உரிய தண்டனை எனக்கே கிடைத்தது என்று எண்ணுகிறேன்.

8. அன்றே புத்தகம் பறிக்கப்பட்டு, புகாரோடு சேர்த்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. மறுநாள் என்னை லயத்திலிருந்து ஆறு மைல் தள்ளி, இந்த ஆற்றங்கரைப் பம்புக்குக் காவல் வைத்தார்கள். எட்டு மாதமாகிறது. வேலை கஷ்டமில்லை. சம்பளத்திலும் குறையில்லை. பேச ஆளில்லை. பம்பு ஓடும்போது அதன் சத்தம், நின்றால் ஆற்றின் சத்தம். முன்பும் நான் தனியாள்தான், ஆனால் அது தனிமை என்று அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகள் வந்துபோன பிறகு தெரிகிறது. அன்றைக்கு இங்கே பொழுது போகவே மாட்டேன் என்கிறது, ஐயா.

9. செவ்வாய்தோறும் சின்னத்தம்பி என்ற வண்டிக்காரர் எனக்கு அரிசி கொண்டுவருவார். மூட்டையை இறக்குமுன், "காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டாங்க" என்பார். கட்டிய கதைதான் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டனுப்புகிறார்கள். எனக்கும் விடை தெரியாது. அவர்களை விட்டு முந்திப் படிப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட முந்தியதில்லை. எல்லோரும் காத்திருக்கையில் நானும் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே, "இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க" என்று வாராவாரம் சொல்லியனுப்புகிறேன்.

10. ஆகையால் துரை அவர்கள் விசாரித்து, என்னைப் பழைய வேலைக்கு மாற்றும்படியும், புத்தகத்தைத் திருப்பித் தரும்படியும் வேண்டுகிறேன். இனி படிக்கும்போது இது கதை என்று ஒவ்வொரு வாரமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். வேலை நாளில் யாரும் வேலைக்கு வராமல் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

11. இவ்விரண்டும் சட்டப்படி இயலாது என்றால், இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இம்மனுவை இங்கிலீஷில் மாற்றித் தரும் தங்கள் அலுவலகத்துத் தமிழர் யாராயினும், அந்தப் புத்தகத்தில் மூலை மடித்திருக்கும் தாளைத் திருப்பி, அதற்கு மேல் படித்துப் பார்க்கட்டும். மரகதவடிவுக்குக் காய்ச்சல் விட்டதா, இல்லையா என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். நல்ல சேதி இல்லையென்றாலும் எழுதலாம். செவ்வாய்க்கிழமை சின்னத்தம்பியிடம் சொல்லியனுப்பிவிடுவேன். காகிதத்தை நான் வைத்துக்கொள்வேன். என் பெயருக்கு வரும் முதல் காகிதம் அது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ல. சபாபதி
(கையொப்பம்)

இடம்: கிளென்டாவித் தோட்டம், லாபிஸ்
தேதி: 15 நவம்பர் 1936, ஞாயிற்றுக்கிழமை