தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஜூன் 3, திங்கள்

இன்னைக்கும் வண்டி லேட். தண்டவாளத்தில் வேலை நடக்கிறதாம், பாதி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மீதி பாதியில் முழு ஊரும் ஏறுகிறது. எனக்கு முன்னால் நின்றவள் எந்த சோப்பு போட்டுக் குளித்தாள் என்று என்னால் சொல்ல முடியும், அவ்வளவு நெருக்கம்.

எப்படியோ பெண்கள் பெட்டிக்குள் போய் விழுந்தேன். வீட்டுக்காரர் பக்கத்துப் பெட்டி. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் ஏறினதும் அதில் ரெண்டு தட்டு தட்டுவார். நான் பதிலுக்கு ஒரு தட்டு. கல்யாணமான புதுசில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. "அக்கா, மாமா உள்ளே வந்தாச்சு, இனிமே மூச்சு விடுங்க" என்று பெட்டியில் இருக்கிற பெண்கள் கிண்டல். "உங்க ஆளுங்களுக்குத் தட்டவும் தெரியாது, திறக்கவும் தெரியாது, பேச வந்துட்டீங்க" என்றேன். ஒரே சிரிப்பு.

ஜூன் 4

அவர் முட்டி வீங்கியிருக்கு. நாள் முழுக்க சட்டைக் கம்பெனியில் நின்றபடி துணி வெட்டுகிற மனுஷன். போகும்போது படியில் தொங்கல் வேறு.

"உள்ளே போய் நில்லுங்களேன்."

"உள்ளே போனா இறங்க முடியாது. அதுக்குள்ள வண்டியை எடுத்துடுவான்."

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வாங்க. கம்பெனி எங்கேயாவது ஓடிடுமா?"

"கம்பெனி ஓடாது. என்னைத்தான் ஓடச் சொல்லுவான் சூப்பர்வைசர்."

சிரித்தேன். வெளியேதான்.

ஜூன் 6

தட்டல் வரக் கொஞ்சம் தாமதம். தடுப்பில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வந்தது. "தூங்கிட்டீங்களா?" என்று தடுப்பைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம்.

ஜூன் 10, திங்கள்

எழுத்து கோணல்மாணலா வருது, வரட்டும்.

காலையில் வண்டி வருகிற நேரத்துக்கு மைக்கில் சொல்கிறார்கள், வேறு பிளாட்பாரமாம். மொத்தக் கூட்டமும் பாலத்தில் ஏறி ஓடுகிறது. நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன், அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறார். வந்துடுவார்னு நினைச்சேன். பின்னாலிருந்து தள்ளினார்கள், உள்ளே போய்விட்டேன். வண்டி நகர்ந்தது.

ரெண்டு தட்டு கேட்டது. நல்லாக் கேட்டது. நானும் தட்டினேன். "கிழவரே, முட்டி எப்படி?" என்று கத்தினேன். பதில் இல்லை. கோபம் போலன்னு விட்டுட்டேன்.

இறங்கினால் அவர் இல்லை. எப்பவும் தண்ணீர்க் குழாய் பக்கம் நிற்பார். கூட்டம் முழுக்கக் கலைந்தது. இல்லை. போன் போட்டேன். என் பைக்குள்ளேயே மணி அடிக்குது! கூட்டத்தில் பிக்பாக்கெட் பயம் என்று அவர் போனையும் நான்தானே வாங்கி வைத்திருக்கிறேன். ரொம்பக் கெட்டிக்காரி நான்.

அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் ஒருத்தர் யாரிடமோ சொல்கிறார், எங்க ஸ்டேஷன்ல ஒரு ஆள் வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல விழுந்துட்டாராம்.

"ஆம்பளையா? என்ன வயசு? என்ன சட்டை?"

"தெரியலைம்மா. உசுரோட இருக்காரான்னும் தெரியலை. திரும்பிப் போக இப்போதைக்கு வண்டி கிடையாது."

பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் என்னென்னமோ வந்தது மனசில். கிழவரேன்னு கூப்பிட்டேனே. அதுதான் கடைசி வார்த்தையா?

ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் செருப்பு இல்லை. பேன்ட் கிழிந்து, முழங்காலிலிருந்து கீழே கட்டு. என்னைப் பார்த்ததும் கேட்கிறார், "நீ வேலைக்குப் போகலை?"

கன்னாபின்னான்னு திட்டினேன். நகர்கிற வண்டியைப் பிடிக்க ஓடியிருக்கிறார், கால் இடுக்கில் போய்விட்டது. பிளாட்பாரம் கூட்டுகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்களாம். அந்தம்மா கையைப் பிடித்து அழுதேன். "அழறதை விடுங்க, இந்த ஆளைக் கொஞ்சம் வீட்ல கட்டிப் போடுங்க" என்றார்கள்.

ஆனால் தட்டினது யார்?

ஜூன் 11

தெரிந்தது. அவர் வீட்டில், நான் மட்டும் வேலைக்கு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் ஒருத்தர் வீட்டுக்காரர் பெட்டியில்தான் வருவார், எங்க தட்டல் கதையெல்லாம் தெரிந்தவர். பிளாட்பாரத்தில் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"நான்தான்க்கா தட்டினேன். அண்ணன் ஏறலைன்னு பார்த்தேன். அடுத்த வண்டியில வந்துடுவார்னு நினைச்சேன். தட்டல் வரலைன்னா நீங்க பதறிடுவீங்களேன்னு…"

திட்டத்தான் நினைத்தேன். நல்ல மனசு. நல்ல மனசோட செஞ்சா மட்டும்? தட்டாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பேன். என்னைத் தெரியாதா எனக்கு. அப்போ கடைக்காரர் செய்தது நல்லதா, கெட்டதா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் மடிக்கிற போர்வையெல்லாம் இன்னைக்குக் கோணல்.

ஜூன் 15

"இனிமே ஓட மாட்டேன்னு சொல்லுங்க."

"லேட்டா போனா வேலை போயிடும்."

"போகட்டும்."

"என்னை நொண்டின்னே முடிவு பண்ணிட்டியா?"

முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 18

எங்களுக்கு நடுவில் டீ மட்டும் போய் வருகிறது.

ஜூன் 24, திங்கள்

கட்டுப் பிரித்தாச்சு. இன்னைக்கு வேலைக்குக் கிளம்பினார். எதுவும் சொல்லக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

வண்டி வந்தது, வாசல் பிதுங்கப் பிதுங்க. நகர ஆரம்பித்ததும் பாழாய்ப்போன பழக்கம், என் கால் தானாக முன்னால் போகிறது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"போகட்டும், நில்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் நடுவில் என் கையைத் தொட்டதில்லை இந்த மனுஷன். பெட்டி வாசலிலிருந்து நம்ம பெண்கள், "அக்கா! அக்கா!" என்று கூச்சல். கேலி பண்ண எத்தனையோ வந்தது நாக்கு நுனிக்கு. ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னால் கையை விட்டுவிடுவார்.