இருபத்துநாலு இடம், பன்னிரண்டு பேர்

3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. புதுக்கடைக் கோர்ட்டு வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். லோயர் கொடுத்த மூன்று காணி உறுதிகளில் ஒன்றுகூட டைப் பண்ணி முடியவில்லை. போன் விட்டால்தானே.

நேற்றோடு கிரிக்கெட் தொடர் முடிந்தது. எங்கள் வகுப்புக் கூட்டாளிகள் கட்டணம் கட்டி அணி தெரிந்து ஆட, ஒரு ஆப்பில் வருஷா வருஷம் நான் திறக்கும் ஒன்லைன் போட்டியில் ரிஸ்வான் முதலாவது. வென்றவன் பரிசை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, வகுப்புக்கே சாப்பாடு வைக்க வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். கடைசி மூன்று தடவையும் வென்றவர்கள் வெளிநாட்டில், சாப்பாடு நடக்கவில்லை. ரிஸ்வான் வென்றது இதுதான் முதல் தடவை. காலையிலேயே வகுப்பு இருபத்துநாலு பேருக்குமென்று நாலு சவன் பிரியாணிக்குச் சொல்லிவிட்டானாம். ஒரு சவன், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு.

பின்னேரம் அவனுக்கு வந்தது பாதிப் பரிசு.

4, செவ்வாய்

மழை விடவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்க ரிஸ்வானின் குரல்: "நீ போட்டது முழுச் சல்லி. வந்தது பாதி. மத்தப் பாதி எங்க மச்சான் போன?"

பிழை என்னுடையதுதான். வருஷா வருஷம் பழைய போட்டியைப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் திறப்பேன். இருபத்துநாலு இடம், அதற்கான பரிசு, எல்லாம் அப்படியே நின்றது. அந்தத் தொகையைத்தான் குழுவிலும் போட்டேன். சேர்ந்தது பன்னிரண்டு பேர். நிரம்பாவிட்டால் போட்டியை ரத்துச் செய்து கட்டணத்தைத் திருப்ப ஒரு வழி உண்டு. நடத்துவதென்றால், சேர்ந்த ஆட்களுக்கேற்பப் பரிசு தானாகக் குறையும். இரண்டாவதை அழுத்தியதுகூட எனக்கு ஞாபகமில்லை.

மனைவி மேரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "உங்களுக்கு ஏன் இந்த ஊர் வேலை?" முப்பது வருஷக் கூட்டாளி வாயால் கள்ளன் பட்டம்.

வாங்க: சீனி, தலையிடிக் குளிசை, குடைக்குக் கம்பி.

5, புதன்

குழுவில் ஒருவனும் எனக்காக நிற்கவில்லை. அதுதான் கூடுதலாக வலிக்கிறது. குளிசை வாங்கினேன், சீனியை மறந்தேன்.

6, வியாழன்

அரை நாள் லீவு. தெமட்டகொடை, ரிஸ்வானின் டயர் கடை. இரு என்றும் சொல்லவில்லை. போனில் போட்டி விதியைத் திறந்து நீட்டினேன். பார்க்கவில்லை.

"அத வை. யாரெல்லாம் சேரல்ல, அதச் சொல்லு."

வாசித்தேன். கிறிஸ்டி கனடா. நௌஷாத் டோஹா. செல்வா லண்டன். இம்தியாஸ் மெல்பேர்ன். இப்படியே பன்னிரண்டு பெயர். போன வருஷம்வரை அங்கிருந்தும் சேர்ந்தார்கள். இந்த வருஷம் ஆப் நாட்டுக்குள் இருப்பவர்களை மட்டும்தான் எடுக்கிறது. ஒருவனாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நானாவது எண்ணியிருக்கலாம்.

ரிஸ்வான் டயரைத் தட்டுவதை நிறுத்தினான். "அப்ப நாலு சவன் யாருக்குடா?"

சமையல்காரருக்குப் போன் அடித்து இரண்டைக் குறைத்தான். பிறகு பிளேன்டீ வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கிவிட்டேன், வீடிருக்கும் கொட்டாஞ்சேனை தாண்டிப் போய் இறங்கினேன்.

9, ஞாயிறு

வெயில். தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே ரிஸ்வான் வீடு. இரண்டு சவன். ஆறும் ஆறும். இடமில்லாமல் ஒருவரும் நிற்கவில்லை, ஒரு பிடி மிஞ்சவுமில்லை. பாதிப் பரிசே போதுமாக இருந்தது, வட்டலாப்ப இனிப்புக்கும் சேர்த்து. நாலு நாளாக எதற்காகச் சண்டைபிடித்தோம் என்று நினைக்கவே அலுப்பாக இருந்தது.

கை கழுவும்போது சொன்னேன், அடுத்த வருஷம் பிரதி எடுக்க மாட்டேன், பன்னிரண்டு என்று புதிதாகப் போடுகிறேன் என்று. ரிஸ்வான் துவாயை என்னிடம் நீட்டினான்.

"பதினொண்டு போடு மச்சான். எனக்குக் கட்டார் விசா வந்த."