மூலை டெர்மினலில் எக்கோ இல்லை

மார்ச் 4, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். எல்லாரும் இன்று என்னிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள், நான் ஏதோ விரிசல் விட்ட கண்ணாடி டம்ளர் மாதிரி. மேனேஜர் மட்டும் வழக்கம்போல, "மூணு லைன் தகராறு பண்ணுது, என்னன்னு பாரு" என்றார். அவர் நல்லாயிருக்கட்டும்.

மூலை டெர்மினல் அண்ணனுடையது. அங்கே உட்கார்ந்தபடிதான் சாய்ந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலிகூட அவனைத் தூக்கும்போது தள்ளிய கோணத்திலேயே கிடக்கிறது. எல்லா டெர்மினலும் சேர்ந்திருக்கிற பெரிய மெஷின் இடையில் ஒரு தடவையும் நிற்கவில்லை. அதனால் திரையில் கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது. யாருக்காக?

ஒரு கீயைத் தட்டினேன். எழுத்து வரவில்லை. அடிக்கிற எழுத்தைத் திரையில் காட்டுகிற எக்கோவை நிறுத்தியிருக்கிறான். பாஸ்வேர்டு கேட்கும் ப்ரோகிராமை அன்று சோதித்துக்கொண்டிருந்தான். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து திரையில் தெரியக்கூடாது. அதனால் எக்கோவை நிறுத்தச் சொல்லி, மெஷினை ஆள்கிற கெர்னலிடம் ஒரு சிஸ்டம் கால், முடிந்ததும் திரும்பப் போட இன்னொன்று. 'சிஸ்டம் கால்னா வேற ஒண்ணுமில்ல, கெர்னல் கால்ல விழுறது' என்பான். இரண்டாவது தடவை விழ ஆள் இல்லாமல் போய்விட்டது. இந்த அமைப்பெல்லாம் டெர்மினல் லைனோடு ஒட்டிக்கொள்வது, ஆளோடு இல்லை. ஆள் போனாலும் அது அப்படியே நிற்கும்.

பக்கத்து டெர்மினலிலிருந்து எஸ்டிடிஒய் என்ற கட்டளையைப் போட்டு எக்கோவைத் திருப்பிக் கொடுத்தேன். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்கிற வேலை. பிறகு மூலைக்குப் போய் ஏதோ அடித்துப் பார்த்தேன். எழுத்து வந்தது. என்டர் அடிக்க மனசு வரவில்லை, அப்படியே விட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

டேப் மாட்டுகிற ஆபரேட்டர் டீ குடிக்கிற இடத்தில் பிடித்துக்கொண்டார். அன்று அறையில் இருந்தது அவர் ஒருவர்தான்.

"கடைசி வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தாரும்மா. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. என்னமோ சொல்ல வர்றாரு, சத்தம் வரல. உடனே கீபோர்டுல அடிக்க ஆரம்பிச்சாரு. நான் எட்டிப் பாத்தேன், ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம்தான் தலை சாஞ்சுது. உங்க அண்ணிகிட்ட அன்னைக்கே சொன்னேனே?"

திரையில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? எக்கோதான் இல்லையே.

ஆனால் மெஷின் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். என்டர் வரும்வரை அத்தனை எழுத்தையும் பத்திரமாக வரிசையில் வைத்திருக்கும். அவன் என்டர் அடிக்கவில்லை. அப்படியானால் நேற்றுவரை வைத்திருந்தது.

எஸ்டிடிஒய், லைனின் அமைப்பை மாற்றுவதற்கு முன்னால், படிக்காமல் காத்திருக்கிற எழுத்தையெல்லாம் வெளியே கொட்டிவிடும். இது எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அடிப்பாவி. என்னடி பண்ணித் தொலைச்ச? கை சும்மா இருக்க மாட்டேங்குதா உனக்கு?

மார்ச் 6, புதன்

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

அண்ணி வந்திருந்தாள். பல் டாக்டர் கிளினிக்கில் நர்ஸ். அங்கிருந்து நேரே வந்ததால் மேலெல்லாம் கிராம்பு வாசனை. உட்காரக்கூட இல்லை.

"கம்ப்யூட்டர்ல அடிச்சது கம்ப்யூட்டர்லதானே இருக்கும்? நீதான் அதுல புலியாச்சே. எடுத்துக் குடு."

"பாக்குறேன் அண்ணி" என்றேன்.

"பாக்குறேன் கீக்குறேன்லாம் வேணாம். உங்கண்ணன் வீட்ல வாயத் திறந்தா கொட்டாவி விடத்தான் திறப்பாரு. பன்னெண்டு வருஷம் நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கிட்டேன். கடைசியா ஒண்ணு சொல்லியிருக்காரு. அதை மட்டும் நான் விட மாட்டேன்."

கொட்டியது நான்தான் என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 11, திங்கள்

கொட்டுவது வேறு, அழிப்பது வேறு! இது எனக்கு ஏன் முன்னாடியே தோணல?

மெஷின் எழுத்துகளைச் சின்னச் சின்ன டப்பாக்களில் வைக்கிறது, டப்பாவுக்கு ஆறு எழுத்து. கொட்டும்போது உள்ளே இருப்பதைத் துடைப்பதில்லை, 'இது காலி' என்று ஓரமாகத் தள்ளிவைக்கிறது, அவ்வளவுதான். வேறொருத்தர் எழுத்து வந்து உட்காரும்வரை பழையது உள்ளேயே கிடக்கும். எல்லா டெர்மினலுக்கும் பொதுவான டப்பாக்கள். அத்தனையையும் தாளில் அச்சடித்து எடுத்துவிட்டேன்.

மேனேஜரிடம் சொன்னேன். "சனிக்கிழமை மெஷினை நிறுத்தி மெமரி போர்டை மாத்துறாங்க. அதுக்கப்புறம் எதுவும் இருக்காது. அதுக்குள்ள பாத்துக்கோ" என்றார். லைன் தகராறைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

ஆறாறு எழுத்தாக ஊரார் பேச்சு. ஆங்கில எழுத்தில் அடித்த நம் பேச்சு. 'நாளைக்', 'தலைவ்', 'ஐயோ எ', 'சாப்பிட்'. ஒவ்வொன்றையும் அவன் குரலில்தான் படிக்கிறேன். தலைவலி என்று அவன்தான் சொன்னானா? ஐயோ என்றது அவனா?

அவன் இரண்டு விரலால்தான் அடிப்பான். கோழி கொத்துகிற மாதிரி என்று கேலி செய்வேன். இன்று காலை குளியலறைக் குழாய் அந்தத் தாளத்தில் சொட்டியது. கொஞ்சம் நிற்கும், யோசிக்கும், மறுபடி சொட்டும். குழாயை இறுக்கி மூடினேன். மூடிய கையோடு திறந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அது நின்றுபோவதுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

'பயப்ப்', 'அவகிட்', 'சொல்லு'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பயப்படாதே, அவகிட்ட சொல்லு... எவ்வளவு அழகாக வருகிறது! 'அவகிட்' என்பது கணக்குப் பிரிவுப் பெண் தன் தோழிக்கு அடித்தது என்று நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும் என்ன? அண்ணியிடம் இதைக் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வாள். யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 13, புதன்

தெரிந்துவிட்டது. எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது.

கடைசியாகக் காலியான டப்பாவைத்தான் மெஷின் முதலில் எடுத்து நிரப்பும். அவன் சொன்னதைக் கொட்டிய மறுநிமிடம் யார் என்ன அடித்தார்களோ, அது அவன் டப்பாக்களுக்குள்தான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன். மூலை லைனின் வரிசையிலேயே இருந்தது, என்டர் அடிக்காததால் இன்னும் போகாமல்.

நான் அன்று அடித்தது. எழுத்து வருகிறதா என்று பார்க்க அடித்தது.

அண்ணா அண்ணா அண்ணா அண்ணா.

கூப்பிட்டுக் கூப்பிட்டே அவன் சொன்னதை மூடியிருக்கேன். அவன் பேசின எடத்துல என் குரல் உக்காந்திருக்கு. மிச்சத்தை அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள மத்தவங்க நிரப்பிட்டாங்க. ஒரு எழுத்து தேறாது.

மார்ச் 14, வியாழன்

அண்ணி வீட்டுக்குப் போனேன். ஜோடித்து வைத்ததைச் சொல்ல வாய் திறந்தேன், உண்மைதான் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணா அண்ணா என்று அடித்ததையும்.

அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காலரை விரலால் நீவி நேராக்கினாள்.

"நீ போ. இப்ப போ."

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தாலும் தேவலை. வழி நெடுக, முதுகுக்குப் பின்னால் யாரோ இரண்டு விரலால் கொத்திக்கொண்டே வந்தார்கள்.

மார்ச் 15, வெள்ளி

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அண்ணி அறைக்குள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. எதுவும் கேட்காமல் நேரே மூலைக்குப் போய், அந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வை."

"எக்கோவை நிறுத்தணும் அண்ணி. நிறுத்தினா நான் அடிச்சதும் போயிடும்."

"போகட்டும்."

நிறுத்தினேன்.

அண்ணிக்கு டைப்பிங் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். திரையில் கர்சர் மட்டும், அசையாமல். நடுவில் ஒருமுறை சிரித்தாள், ஒருமுறை "அதான் அதான்" என்று முணுமுணுத்தாள். நான் அவள் விரலைப் பார்க்காமல் ஏர்கண்டிஷனர் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் ஆயிற்று.

பிறகு எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "நீயும் ஏதாவது சொல்றதுன்னா சொல்லு. நான் பாக்க மாட்டேன்." சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

உட்கார்ந்தேன். அவன் இறந்ததிலிருந்து வராத அழுகை இப்போதுதான் வந்தது. என்ன அடித்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தடவை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தேன்.

என்டர் அடிக்கப்போன கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காத. அவர் அடிக்கலல்ல? கொட்டுறதுக்கு என்னமோ போடுவியே, அது எங்க?"

பக்கத்து டெர்மினலில் எஸ்டிடிஒய் வரியை அடித்து வைத்தேன். கடைசி என்டர் மட்டும் பாக்கி.

"தள்ளு" என்றாள். அவளே அடித்தாள்.

"எங்க போச்சு?"

"அவன் சொன்னது போன எடத்துக்கே, அண்ணி."

தலையாட்டினாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

"இப்ப நானும் அழிச்சாச்சு. இனிமே ஊரெல்லாம் நான் அழிச்சேன், நான் அழிச்சேன்னு ஒத்தையாச் சொல்லிட்டுத் திரியாத. எந்திரி, முகத்தக் கழுவிட்டு வா."

நாளைக்கு மெஷினை நிறுத்துகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அண்ணி தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.